சாப்பாட்டு நேரத்தைத் திருடினால் வயிறு ஊதும்

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். காலையில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு வருவோர் அதிகம். மதியம் மூன்றரைக்கு மேல் துணிக்கடைப் பிள்ளைகள் வர ஆரம்பிப்பார்கள். யூனிஃபார்ம் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. "அக்கா, சாப்ட்டதுலேர்ந்து வயிறு திம்முனு இருக்கு. ஒரு கேஸ் மாத்திரை குடுங்களேன். சீக்கிரம்க்கா, சூப்பர்வைசர் தேடுவாரு." கடைசியாகச் சொன்னாளே, அந்த அவசரம்தான் நோய் என்பது என் கட்சி.

இவர்கள் கேட்கும் மாத்திரை பெரும்பாலும் பேன்டோப்ரசோல். இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து அது, வாயுவைக் கலைக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியதை, சாப்பிட்டு உப்பிய பிறகு போட்டால் அன்றைய உப்புசத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அட்டவணை எச்-இல் உள்ள மருந்து என்பதால் டாக்டர் சீட்டு வேண்டும். கேட்டால் கோபம் வருகிறது. நெஞ்செரிச்சலுக்கும் குடல்புண்ணுக்கும் அருமையான மருந்துதான். யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம்.

மாத்திரை கிடைக்காவிட்டால் அடுத்த வைத்தியம் சோடா. 200 மில்லி சோடாவில் அரை லிட்டருக்கு மேல் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், "போயிடுச்சு" என்று முகம் தெளியும். வெளியே போனதில் பெரும்பங்கு சோடாவே உள்ளே கொண்டுபோன வாயு.

வயிறு ஏன் ஊதுகிறது? காலை ஏழரைக்கு விடுதியில் இரண்டு இட்லி. ஒன்பதரைக்குக் கடையில் நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டு டோக்கன் கைக்கு வர மூன்று மணியாகிவிடும். பத்து நிமிடத்தில் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பசியோடு அள்ளி விழுங்கும்போது சோற்றோடு காற்றும் இறங்குகிறது. வெறுமையாய்க் கிடந்த இரைப்பை ஒரேயடியாக நிறைகிறது.

பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பருப்பு, கொண்டைக்கடலையில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு இரையாகிறது. அப்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளில் பத்து, இருபது முறை வாயு பிரியும். கடலையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ரசத்தில் பெருங்காயத்தை நானும் தாராளமாகப் போடுகிறவள்தான். ஆனால் பிரிய வேண்டிய வாயுவையும் கழிய வேண்டிய மலத்தையும் அடக்கிக்கொண்டு நிற்கிறவளைப் பெருங்காயம் என்ன செய்து காப்பாற்றும்?

அடக்குவது என்று சொன்னேன். சோறு இரைப்பையில் விழுந்ததுமே பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் ஏற்பாடு. சாப்பிட்ட கையோடு வெளிக்குப் போக வேண்டும்போல் தோன்றுவது அதனால்தான். அந்த நேரத்தில் அவள் நான்காம் மாடியில் பட்டுப் புடவை விரித்துக்கொண்டிருப்பாள். கழிப்பறை கீழ்த்தளத்தில். போவதற்கு ஓர் ஆணிடம் அனுமதி கேட்க வேண்டும். "தண்ணி குடிச்சா போகணும்லக்கா, அதான் குடிக்கிறதே இல்ல" என்றாள் அரியலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. தண்ணீரைக் குறைத்து, உந்துதலையும் அடக்கிவந்தால் மலம் இறுகும். அதற்குப் பின்னால் வாயு தேங்கும். மறுநாள் அதன்மேல் அடுத்த சாப்பாடு. இந்தப் பிள்ளைகளுக்கு "மென்று சாப்பிடு, தண்ணீர் குடி, சாப்பிட்டதும் கொஞ்சம் நட" என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. ஒன்பதரைக்கு நின்றவளை ஒன்றரைக்குள் சாப்பிட விட்டிருக்க வேண்டும், அதுவும் முழுதாக ஒரு மணி நேரம். 2021இல் அதே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நாற்காலியைப் பற்றி ஊரே பேசியது. சாப்பாட்டு மணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்தில் ஆளை எப்படி அனுப்புவது என்று முதலாளிகள் கேட்பார்கள். ஒரு செக்ஷனில் ஆறு பேர் இருந்தால் பதினொன்றரை மணி தொடங்கி இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். இரண்டரை மணிக்குள் ஆறு பேரும் சாப்பிட்டு வந்துவிடுவார்கள், கவுண்டரில் எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள். கணக்குப்பிள்ளை வேண்டாத கணக்கு இது. மாடிக்கு ஒரு கழிப்பறை கட்டச் செலவாகும்தான். ஏசிக்கும் எஸ்கலேட்டருக்கும் ஆகாத செலவா?

எல்லா உப்புசத்தையும் நான் முதலாளி தலையில் கட்டவில்லை. வாரக்கணக்கில் வயிறு உப்பியே இருந்து, நாலு வாய்க்குள் நிறைந்துவிட்டால், அதுவும் ஐம்பதைத் தாண்டிய பெண்ணென்றால், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சினைப்பைப் புற்றும் இப்படித்தான் தலைகாட்டும். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ வயது பார்க்கக் கூடாது. நெஞ்சை அழுத்தி, வேர்த்துக் கொட்டி, இடது கையோ தாடையோ வலித்தால் "கேஸ்தான்" என்று மருந்துக் கடைக்கு வராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி என்.எஸ்.பி. ரோட்டின் மூன்றரை மணி உப்புசத்துக்கு மருந்து என் அலமாரியில் இல்லை, தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்க வரும் ஆய்வாளர்கள், வந்ததுதான் வந்தோம் என்று நான்கு மாடி ஏறி, அங்கே நிற்கிற பெண்ணிடம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்கட்டும். சூப்பர்வைசரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.