கேஷ்புக்கும் பாஸ்புக்கும் டேலி ஆகணும்: நியூட்ரினோ பற்றி ஒரு காமர்ஸ் மாணவனின் புலம்பல்

"பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா நியூட்ரினோ?" என்று நண்பர்கள் கேட்பார்கள் என்று தெரியும். அதனால் பதிலையும் காமர்ஸிலேயே சொல்லிவிடுகிறேன் :-)

நம்ம நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று பஸ் மாறிப் போடி பக்கம் போனால் பொட்டிப்புரம் வரும். அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு வழக்குகள், தடைகள், போராட்டங்கள். 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

இந்தச் சண்டையில் எல்லோரும் பேசியது 50,000 டன் இரும்புக் கருவியைப் பற்றித்தான். அதே குகையில் இன்னொரு சின்னக் கருவி வைக்கவும் யோசனை இருந்தது. அதைப் பற்றி நம்ம ஊர்ப் பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வருத்தமே அதில்தான்.

அந்தக் கருவி வெள்ளீயத்தால் ஆனது. மும்பை டி.ஐ.எஃப்.ஆர். விஞ்ஞானிகளின் திட்டம். வெள்ளீயம்-124 அணு எப்போதாவது ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் வெளியே விட்டு, நியூட்ரினோவே இல்லாமல் சிதைகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அப்படி ஒன்று நடந்தால் நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்று ஆகிவிடும். உலகத்தில் பருப்பொருள் ஏன் மிஞ்சியது என்ற கேள்விக்கும் அது ஒரு துப்பு. உலகத்தில் இதுவரை யாரும் இதை உறுதியாகப் பார்த்ததில்லை. அவ்வளவு அபூர்வம்.

ஒரே ஒரு அணு சிதைவதை எப்படிப் பிடிப்பது? குளிரால்தான். ஒரு கரண்டி வெந்நீரை அண்டாவில் ஊற்றினால் ஒன்றும் தெரியாது, டம்ளரில் ஊற்றினால் தெரியும். படிகத்தைக் குளிரவைக்கக் குளிரவைக்க அது அண்டாவிலிருந்து டம்ளராகிவிடுகிறது. வெப்பநிலை பாதியானால் வெப்பத்தை உள்வாங்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். கெல்வினில் நூறில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் ஒரு அணு விட்ட சூடுகூட தெர்மாமீட்டரில் பதியும்.

ஆனால் சூடு மட்டும் போதாது. கருவியின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் தூசியிலிருந்து ஒரு ஆல்ஃபா துகள் வந்தாலும் சூடாகும். எது நிஜம், எது போலி? இங்கேதான் ஒளிரும் படிகம் வருகிறது. கால்சியம் டங்ஸ்டேட், லித்தியம் மாலிப்டேட் மாதிரிப் படிகங்கள் துகள் பட்டால் சூடாவதோடு மினுக்கென்று ஒளியும் விடும். ஒரே அளவு சூட்டுக்கு எலக்ட்ரான் நிறைய ஒளி கொடுக்கும், ஆல்ஃபா குறைவாகக் கொடுக்கும். சூடு கேஷ்புக், ஒளி பாஸ்புக். இரண்டையும் ஒப்பிட்டால் போலி என்ட்ரி மாட்டிக்கொள்ளும். நாம் முதல் வருடத்தில் போட்ட வங்கிச் சரிகட்டும் பட்டியலேதான்! வெள்ளீயம் ஒளிராது, அதற்கு கேஷ்புக் மட்டும்தான். அதனால்தான் இத்தாலியிலும் கொரியாவிலும் ஒளிரும் படிகத்தின் பக்கம் போகிறார்கள்.

இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, குவோரே என்ற சோதனையில் 988 படிகங்களைச் சுமார் 10 மில்லிகெல்வினில் வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி என்ன வைத்தார்கள் தெரியுமா? கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த, சுமார் 2,000 வருடப் பழமையான ஈயம்! புது ஈயத்தில் இருக்கும் கொஞ்சம் கதிரியக்கம்கூட கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால்.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். பொட்டிப்புரத்தில் அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்று எவ்வளவு பேர் பயந்தார்கள்! இரண்டாயிரம் வருட ஈயம் தேடுகிறவன் அணுக்கழிவைப் பக்கத்தில் வைப்பானா? வைத்தால் முதலில் செத்துப்போவது அவன் சோதனைதான். இதை நம்ம மக்களுக்குப் புரியும் தமிழில், டீக்கடை பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியது போதவில்லை. அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது. தப்பு பயந்தவர்கள் மேல் இல்லை, பணம் கேட்டு வந்தவர்கள் மேல்தான். பங்குதாரருக்குப் புரியாத அறிக்கையைக் கொடுத்துவிட்டு முதலீடு கேட்க முடியுமா?

அதற்காக எதிர்ப்பு எல்லாமே முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. அது மேற்குத்தொடர்ச்சி மலை. பக்கத்தில் மதிகெட்டான் சோலை, புலிகள் நடமாடும் வழித்தடம். இந்தக் காரணத்துக்காக ஒரு அரசு வேண்டாம் என்றால் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் இரும்புக் கருவியோடு சேர்த்துக் குளிர்ப் படிகத்தையும் மூட்டை கட்டுவது நஷ்டக் கணக்கு. குவோரேயின் படிகங்கள் மொத்தமே 742 கிலோதான். இதற்கு ஒரு மலையைப் புதிதாகக் குடைய வேண்டியதில்லை, ஏற்கெனவே தோண்டிய ஆழமான ஒரு மூலை போதும். நமக்கு அந்த அனுபவம் இல்லாமலா? 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் நாமும் உண்டு. 2017-இல் ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கத்தில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் ஒரு ஆய்வுக்கூடம் திறந்தார்கள். ஆழம் குறைவு, அதுவும் யுரேனியச் சுரங்கம். ஆனாலும் ஒரு தொடக்கம்தானே.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. இரண்டு திட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள். மலையை விட்டுவிடுங்கள், படிகத்தை விடாதீர்கள். அடுத்த முறை எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் பாஷையில் பேசுங்கள். இல்லாவிட்டால் நம்ம திண்டுக்கல், தேனிப் பிள்ளைகளில் இயற்பியல் படிக்கிறவர்கள் இந்தப் படிகத்தைப் பார்க்க இத்தாலிக்குத்தான் விமானம் ஏற வேண்டும். அந்தச் செலவை எந்த லெட்ஜரில் எழுதுவது?