வாத்தியம் யார் பேரில்?

தலையங்கத்தில் பாட்டைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். வன்கொடுமை வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, பஞ்சமி நிலம் கைக்கு வந்து சேரவில்லை, இந்த நேரத்துல இவனுக்கு அமெரிக்கப் பாட்டுக்காரி கேக்குதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல இசைக்கும் பட்டா இருக்கிறது. உழுதவன் பேரை அடித்துவிட்டு வேறொருவன் பேரை எழுதிக்கொள்ளும் வேலை அங்கேயும் நடக்கிறது. கொஞ்ச காலம் போனால் உழுதவனுடைய பேரனே, "அது நம்மளுதா? இருக்காதே" என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ரியானன் கிடன்ஸ் என்ற பாடகியைச் சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டு எழுதுகிறவர், பாடுகிறவர், பாஞ்சோவும் ஃபிடிலும் வாசிக்கிறவர். ஃபிடில் என்பது வயலின்தான். நாட்டுப்புற ஆட்டக்காரர்களிடம் அதற்கு அந்தப் பேர். பாஞ்சோ, வட்டமான கூட்டின் மேல் தோல் கட்டி, நீண்ட கழுத்து வைத்து நரம்பு பூட்டிய கருவி. 2023 ஆகஸ்டில் வந்த 'யூ ஆர் த ஒன்', சொந்தப் பாட்டுகள் மட்டுமே கொண்ட அவருடைய முதல் தனி ஆல்பம். பன்னிரண்டு பாட்டு. சோல், ப்ளூஸ், நாட்டுப்புறம், பாப் எல்லாம் அதில் கலந்து வருகிறது. அடுத்து 2025 ஏப்ரலில் நண்பர் ஜஸ்டின் ராபின்சனோடு சேர்ந்து இன்னொன்று. அதன் தலைப்பு, காக்கையிடம் கரும்பறவை என்ன சொன்னது என்று கேட்கிறது. பதினெட்டு உருப்படிகள், வடகரோலினா மாநிலத்துப் பழைய ஃபிடில், பாஞ்சோ இசை. அறைக்குள் அடைந்துகொள்ளாமல் வீட்டு வாசலில், திறந்த வெளியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். பறவைச் சத்தமும் சில்வண்டு இரைச்சலும் கூடவே கேட்கிறது.

முதலில் சொந்தப் பாட்டு, பிறகு தாத்தன் பாட்டு. முன்னுக்குப் போனவர் ஏன் பின்னுக்குத் திரும்பினார்? அவர் வந்த வழியைப் பார்த்தால் புரியும்.

கிடன்ஸ் 1977-இல் வடகரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் பிறந்தார். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டோம் என்று போராட்டம் தொடங்கியது அந்த ஊரில்தான். கிடன்ஸின் அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பினத்தவர். அப்படி ஒரு கல்யாணம் 1967 வரை அமெரிக்காவின் 16 மாநிலங்களில் சட்டப்படி குற்றம். வடகரோலினாவும் அதில் ஒன்று. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஓபர்லின் இசைக் கல்லூரியில் ஓபரா படித்து 2000-இல் பட்டம் வாங்கிய கிடன்ஸ், படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் பாஞ்சோ பக்கம் போனார். அதை வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்றுதான் ஊர் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது.

உண்மை என்ன? பாஞ்சோவின் தாய்வீடு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி நரம்பு பூட்டும் வித்தை மேற்கு ஆப்பிரிக்க மக்களுடையது. செனகல், காம்பியா பகுதி ஜோலா மக்களிடம் இருக்கும் அகோன்டிங் அதற்கு நெருங்கிய உறவு. அடிமைக் கப்பலில் வந்தவர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை, நினைவில் கொண்டுவந்தார்கள். கரீபியத் தீவுகளில் கிடைத்த சுரைக்காயில் அதைத் திரும்பவும் செய்தார்கள். இது கறுப்பின மக்களின் கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று 1780-களில் தாமஸ் ஜெஃபர்சனே எழுதிவைத்திருக்கிறார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். பறை நமக்குத் தெரியும் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: 1739-இல் தென்கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கலகம் செய்தார்கள். மறு வருசமே முரசும் கொம்பும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆண்டைக்கு எந்த ஊரிலும் தோல்கருவி என்றால் பயம்தான்.

1830-களில் வெள்ளையர்கள் பாஞ்சோவை மேடைக்கு எடுத்துப்போனார்கள். எப்படிப் போனார்கள்? முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பனைக் கோமாளியாக்கி, அவன் வாத்தியத்தை வைத்தே அவனை நக்கலடித்து. மின்ஸ்ட்ரல் ஆட்டம் என்ற அந்தக் கூத்துதான் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய வெகுசனக் கேளிக்கை. தன் வாத்தியம் தன்னைப் பார்த்தே சிரிக்கும்போது ஒரு மனுசன் அதை எவ்வளவு நாள் மடியில் வைத்துக்கொள்வான்? அப்புறம் 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்தன. கறுப்பருக்கு ஒரு பட்டியல், தெற்கத்தி வெள்ளைக் குடியானவர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றார்கள். ஃபிடிலும் பாஞ்சோவும் இரண்டாவது பட்டியலுக்குப் போயின. அவற்றை வாசித்த கறுப்பினக் குழுக்கள் பெரும்பாலும் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. தட்டில் இல்லாததால் வரலாற்றிலும் இல்லை. ஊருக்குள் இருந்த ஒரே தெருவை இரண்டாக்கி, ஒன்றுக்குச் சேரி என்று பேர் வைத்த மாதிரிதான்.

மிஞ்சியவர்கள் சிலர். ஜோ தாம்சன் அவர்களில் ஒருவர். 1918-இல் பிறந்தவர், மெபன் என்ற சிற்றூர்க்காரர், மரச்சாமான் தொழிற்சாலைத் தொழிலாளி. சோளம் உரித்து முடித்தபின் நடக்கும் ஆட்டங்களுக்கு அவர் குடும்பம் வாசித்த ஃபிடில் இசையைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தார். 2005 ஏப்ரலில் பூன் என்ற ஊரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை நடந்தது. அங்கே கிடன்ஸும் ராபின்சனும் டாம் ஃபிளெமன்ஸும் சந்தித்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் 86 வயது தாம்சன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவர் வாசிப்பார், இவர்கள் கூட வாசிப்பார்கள், அவ்வளவுதான் பாடம். அப்படி உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு, 2010-இல் வெளியிட்ட ஆல்பத்துக்குக் கிராமி விருது வாங்கியது. தாம்சன் 2012-இல் இறந்தார். 2025 ஆல்பத்தின் ஒரு பகுதியை அந்தப் பெரியவர் வாழ்ந்த வீட்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கற்ற இடத்துக்கே போய்க் கணக்கை நேர் செய்திருக்கிறார்கள்.

கணக்கு என்றதும் என் பிழைப்பு ஞாபகம் வருகிறது. நான் வங்கி எழுத்தர். நகைக்கடன் சீட்டில் எடை, மாற்று, மதிப்பு எழுதுவது தினசரி வேலை. கிடன்ஸின் 2017 ஆல்பத்தில் ஒரு பாட்டு, பழைய விற்பனை விளம்பரம் ஒன்றிலிருந்து பிறந்தது. விற்பனைக்கு வந்தவள் 22 வயதுப் பெண். கூட ஒன்பது மாதக் கைக்குழந்தை. குழந்தையும் வேண்டுமா வேண்டாமா என்பது வாங்குகிறவர் விருப்பம் என்று போட்டிருக்கிறது. இந்த வரவு செலவு வங்கிக்கு வெளியே நடக்கவில்லை. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2005-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: அதன் முன்னோடிகளான இரண்டு லூசியானா வங்கிகள் 1831-க்கும் 1865-க்கும் இடையில் சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாகப் பிடித்திருந்தன. கடன் திரும்பாதபோது சுமார் 1,250 பேர் வங்கியின் சொத்தாகவே ஆனார்கள். அந்தப் பேரேட்டிலும் ஒரு எழுத்தன் உட்கார்ந்து வயது, விலை எழுதியிருப்பான். கையெழுத்து மணிமணியாகத்தான் இருந்திருக்கும். இந்தப் பாட்டைக் கேட்டபிறகு 'ஈடு' என்ற சொல்லைச் சாதாரணமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

இது பழங்கதை என்று நாம் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது என்பதற்கே போல 'யூ ஆர் த ஒன்' ஆல்பத்தில் காலீஃப் பிரவுடருக்கு ஒரு பாட்டு இருக்கிறது. 2010-இல் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட 16 வயது நியூயார்க் பையன். விசாரணையே இல்லாமல் மூன்று ஆண்டு ரைக்கர்ஸ் தீவுச் சிறை. அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தனிமைக் கொட்டடி. வழக்கு தள்ளுபடியாகி வெளியே வந்தவன் 2015-இல் தற்கொலை செய்துகொண்டான். காவல் நிலையச் சாவுகளை அறிந்த நமக்கு இதை மொழிபெயர்க்க யாரும் வேண்டாம்.

நமக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை புதிதும் அல்ல. மகாத்மா புலே 1873-இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். அண்ணல் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த உரிமையில்தான் பாஞ்சோவின் கதையைப் பறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

என் தாத்தா சாவுக்குப் பறையடித்தவர். கூலி, கொஞ்சம் நெல்லும் சாராயமும். மழையானாலும் காய்ச்சலானாலும் ஆள் வந்து வாசலில் நின்றால் எழுந்து போகணும். என் அப்பாவும் அவர் வயசுப் பையன்களும் ஒருநாள், "இனி எந்தச் சாவுக்கும் அடிக்க மாட்டோம்" என்று சொல்லிப் பறைகளைக் கொளுத்தினார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். அந்தத் தீயில்தான் நான் படித்தேன், வேலைக்கு வந்தேன். அதைக் குறை சொல்லும் யோக்கியதை யாருக்கும் கிடையாது. அடிமைத் தொழிலை விடுவது விடுதலை.

ஆனால் நாம் விட்ட இடம் காலியாக இல்லை. இன்று கம்பெனி ஆண்டு விழாவில் பறை, கல்லூரி வாசலில் அமைச்சரை வரவேற்கப் பறை, சினிமாவில் பறை. "தமிழரின் ஆதி இசைக்கருவி" என்று மேடையில் முழங்குகிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைச் சொல்லியிருக்கிறது என்கிறார்கள். சரி, நடுவுல இத்தனை நூற்றாண்டா அதைத் தீயில காய்ச்சி, தோளில சுமந்து, எச்சில் சோத்துக்கு அடிச்சுக் காப்பாத்துனது யாருய்யா? இந்தக் கேள்வி வந்ததும் மைக் கம்முனு ஆயிடுது. பாஞ்சோவுக்கு நடந்தது இதுதான். வாத்தியத்தை எடுத்துக்கொள், வாசித்தவன் சாதியைத் துடைத்துவிடு. 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோசம்தான், அது அவர் உழைப்பு. அதே நேரத்தில், சாவுக்கு அடிக்க மறுத்தால் சண்டைக்கு வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கருவிக்கு மாலை, கலைஞனுக்குச் சேரி.

கலையை மீட்பதா, இழிவை விடுவதா என்று 1990-களில் நமக்குள் பெரிய விவாதம் ஓடியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதுதான் அந்த விவாதத்தின் கோளாறு என்று இப்போது படுகிறது. கட்டாயத்தை விடு, கணக்கை விடாதே. கிடன்ஸ் யாருக்கும் கைகட்டி வாசிக்கவில்லை. 1858-ஆம் ஆண்டுப் பாஞ்சோ ஒன்றின் நகலை, மின்ஸ்ட்ரல் கூத்துக்காலக் கருவியையே, கையில் எடுத்து, அது யாரை நக்கலடித்ததோ அவள் பக்கத்துக் கதையை அதில் சொல்கிறார். 2024-இல் பியான்சேயின் 'டெக்சாஸ் ஹோல்ட் எம்' உலகமெல்லாம் ஒலித்தபோது அதில் கேட்ட பாஞ்சோ இவர் வாசித்தது. கன்ட்ரி இசைப் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு சின்ன ஊர்ப் பெரியவர் வீட்டு வியாழக்கிழமைகள் இல்லாமல் இது வந்திருக்காது.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு ஜோ தாம்சன் திண்ணையில் இருமிக்கொண்டு கிடக்கிறார். லீவுக்குப் போகும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். யாரிடம் கற்றார், சட்டத்துக்கு என்ன மரம், எந்தத் தோல், எப்படிக் காய்ச்சுவார், ஒத்தையடிக்கும் சப்பரத்தடிக்கும் என்ன வித்தியாசம், சாமிச்சாட்டுக்கு எப்படி அடிப்பார் என்று கேளுங்கள். போன் எல்லார் கையிலும் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். அடித்துக்காட்டச் சொன்னால் கூலி கொடுங்கள். சாராயம் வாங்கிக் கொடுத்து வேலையை முடிக்காதீர்கள். அவர் சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான், அதையும் எழுதிவையுங்கள்.

முக்கியமாக, பேரை எழுதுங்கள். பேர், வயசு, ஊர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேர். எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் அதற்கென்றே ஒதுக்குகிறோம். கதை, கவிதைக்கு இடம் குறைந்தால் குறையட்டும். என் கவிதையிலிருந்தே குறைத்துக்கொள்ளலாம்.