தீவனப் பயிருக்கும் அறுவடை நாள் உண்டு

அரூர் வட்டாரத்தில் நெல்லை அறுக்கவும் மரவள்ளியைப் பிடுங்கவும் பருவம் பார்க்கும் விவசாயி, மாட்டுக்கு விதைத்த சோளத்தை மட்டும் கை ஒழிந்தபோது அறுக்கிறார். இன்னும் கொஞ்சம் வளரட்டும், கட்டு கூடும் என்று விட்டுவைப்பவர்களே அதிகம். கட்டு கூடுவது உண்மைதான். ஆனால் கூடுவதில் பெரும்பகுதி நார்.

வயலில் பாதிப் பயிர் பூத்திருக்கும் சமயமே தீவனச் சோளத்தை அறுக்க ஏற்ற தருணம். அப்போது உலர்ந்த எடையில் புரதம் சுமார் 7 முதல் 8 சதவீதம் இருக்கும். கதிர் முற்றியபின் எடுக்கும் தட்டில் 3 அல்லது 4 சதவீதமே மிஞ்சும். சத்து தானியத்துக்குப் போய்விடுகிறது, தண்டு மரத்துப்போகிறது. மாடு தின்றாலும் முழுதும் செரிப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டப் பிண்ணாக்கும் தவிடும் காசு கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. வீட்டுக்குச் சோளம், மாட்டுக்குத் தட்டு என்ற மானாவாரிக்காரரின் கணக்கைக் குறை சொல்வதற்கில்லை. தீவனத்துக்கென்றே நெருக்கி விதைத்ததையும் முற்றவிடுவதுதான் வீண்.

முந்தி அறுப்பதோ அதைவிட ஆபத்து. இளஞ்சோளத்தை மாடு மெல்லும்போது ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு வெளிப்படுகிறது. மரவள்ளி இலையில் இருப்பதும் இதே நஞ்சுதான் என்றால் அரூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். 45 நாளுக்குக் குறைந்த பயிர், வறட்சியில் குன்றி நின்று மழை கண்டதும் துளிர்த்த பயிர், அறுத்த தாளில் கிளம்பும் இளம் மறுதாம்பு ஆகிய மூன்றையும் மாடு மேயவிடக் கூடாது. மேய்ந்த மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இதற்கு மாற்று ஊசி மருந்து உண்டு. ஆனால் நஞ்சு சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கவல்லது. பயிரை நன்கு உலர்த்தினாலும், ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினாலும் நஞ்சு பெரிதும் குறையும்.

கிணறு உள்ளவர்கள் நடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் இந்த நஞ்சுப் பயம் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 ரகங்களை நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாளுக்கு ஒரு அறுப்பும் எடுக்கலாம். புது ரகக் கரணைக்கு ஊர் ஊராக அலைபவர்கள், வந்த புல்லை 70 நாள் வரை விட்டுக் கரும்பாக்கிவிடுகிறார்கள். மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது.

ஒரே நாளில் நட்டுவிட்டு, ஒரு மாட்டுக்காகத் தினம் ஒரு கட்டு அறுப்பதால் வரும் வினை இது. கடைசி வரிசைக்குப் போவதற்குள் புல் முற்றிவிடுகிறது. நிலத்தை 6 பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தி நட வேண்டும். அதே வரிசையில் வாரம் ஒரு பாத்தியாக அறுத்து வந்தால் முதல் பாத்திக்குத் திரும்பும்போது அங்கே புல்லின் வயது 42 நாளாக இருக்கும். அறுத்த பாத்திக்கு அன்றே தண்ணீர் கட்டி, எரு போட்டுவிட வேண்டும்.