யாருடைய உடல் பரிசோதனைக்கூடம்?

“மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?” திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கடைத்தெருவில் ஆவரசம்பூப் பொதி வாங்கும் தொழிலாளிக்கு வணிகர் ஓதும் மந்திரம் இது. வகுப்பறையில் நம் மாணவரும் இதையே ஒப்புவிக்கின்றனர். இம்மந்திரத்தை நாம் மறுக்கிறோம்.

இலங்கையில் வழங்கும் 50 மருந்துத் தாவரங்களைச் சோதித்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கிலுகிலுப்பை, குடசப்பாலை, ஆவரசு ஆகிய மூன்றிலும் பைரோலிசிடின் அல்கலாயிட்டுகள் என்னும் நச்சுப்பொருள்கள் தென்பட்டன. இத்தாவரங்களைத் தீனியோடு உண்ட எலிகளின் ஈரல் சேதமுற்றது. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேர்ந்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. அளவு வேறு, உடல் வேறு. ஆயினும் எச்சரிக்கை எச்சரிக்கையே. அது ஆங்கில ஆய்விதழில் அச்சேறியது. ஆவரசம்பூ அவித்துக் குடிப்பவனின் காதுக்குத் தமிழில் எட்டியதா?

முன்னோர் குடித்தனர், வாழ்ந்தனர் என்பர். உண்டவுடன் வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சை அனுபவம் கண்டுகொள்ளும். பல்லாண்டு காலம் மெல்ல மெல்ல ஈரலை அரிக்கும் நஞ்சை எந்தப் பாட்டி கண்டாள்? நோய் முற்றியபின் பழி கள்ளின் மேலும் விதியின் மேலுமே விழும்.

சித்த மருத்துவத்தை நாம் இகழ்வதாக எவரும் கருத வேண்டா. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கொடுக்கலாகாது என்று விதித்த மரபு அது. மூலிகையிலும் நஞ்சுண்டு என்பதை வைத்தியர் அறிவர், மறந்தவர் வணிகரே.

எலிகள் தந்த எச்சரிக்கை வீணானால் நேர்வதென்ன? அரிஸ்டோலோகிக் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் தருவது 1982இலேயே வெளியாயிற்று. பத்தாண்டுகளின் பின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிவதற்கான மருந்தில் அவ்வமிலமுள்ள மூலிகை தவறுதலாய்க் கலந்து, பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதாயின. நம் நாட்டுப் பெருமருந்தும் அம்மூலிகையின் இனமே.

எலியும் உயிரே. ஆகவே தேவைக்கு மேல் ஓர் எலியும் வேண்டா. ஆனால் எலியிற் சோதிக்காத மருந்தை ஏழையிற் சோதிப்பது கருணையாகாது. அச்சோதனைக்குக் கணக்கேடும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. இறப்பவன் எண்ணிக்கையிலும் சேர்வதில்லை.

திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கு செல்லும் நம் மாணவருக்குக் கல்வத்தோடு ஆய்வுகூடமும் வேண்டும். அவர்கள் காணும் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள்முன் வரவேண்டும். அதுவரை, பொதியின் மேல் ‘பக்கவிளைவு அற்றது’ என்று அச்சிடும் உரிமை எவருக்கும் இல்லை.