வாழை மட்டையில் ஒரு கைத்தொழில்

திண்டுக்கல் என்றதும் நேயர்களுக்குப் பூட்டும் புகையிலையும் ஞாபகம் வரும். நாக்கு ருசி அறிந்தவர்களுக்குச் சிறுமலை வாழைப்பழம் ஞாபகம் வரும். குலையை வெட்டிய பிறகு அந்த மரத்தின் கதி என்ன என்று நாம் கேட்பதில்லை. ஒரு குலை ஈன்றதும் வாழையின் ஆயுள் முடிந்தது. தண்டு கொஞ்சம் அடுப்பங்கரைக்கும், நார் கொஞ்சம் பூக்கடைக்கும் போகின்றன. மிச்சம் வரப்பில் கிடந்து அழுகுகிறது.

இந்த மட்டை நல்ல காகிதமாகக் கூடியது. அதை நறுக்கிக் காரநீரில் வேகவைத்தால் நாரைப் பிணைத்திருக்கும் பொருள் கரைந்துவிடும். பிறகு அலசி அடிக்க வேண்டும். சூட்சுமமெல்லாம் இந்த அடியில்தான் இருக்கிறது. நாரை வெட்டலாகாது, நசுக்கி இழை இழையாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிந்த இழைகள் உலரும்போது தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கூழைத் தொட்டி நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தித் தூக்கினால் நீர் வடிந்து மெல்லிய ஏடு தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்த வேண்டியதே பாக்கி. மை ஊறாமலிருக்கப் பசை பூசி மெருகிடுவார்கள். கி.பி. 105-ல் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன் மரப்பட்டையையும் பழைய மீன்வலையையும் கொண்டு செய்ததும் சாராம்சத்தில் இதுவே.

1934-ல் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், நமது தஞ்சாவூர்க்காரரான ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில், கைக்காகிதத்துக்குப் புத்துயிர் அளிக்க முனைந்தது. காந்தியடிகள் 1941-ல் எழுதிய நிர்மாணத் திட்டத்திலும் காகிதத் தொழிலுக்கு இடமுண்டு. அந்த வழியில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள்.

ஆலைக் காகிதத்தோடு விலையில் போட்டியிட இதனால் முடியாது. பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கு இதைச் சிபாரிசு செய்யவும் மாட்டோம். கலியாணப் பத்திரிகை, சித்திரத் தாள், கோப்பு அட்டை ஆகியவற்றுக்கு இதன் முரட்டு அழகே அழகு. மேலும் பச்சை மட்டையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெறும் நீர். தூரத்து ஆலைக்கு வண்டியேற்றினால் நீருக்கே கூலி கொடுத்ததாகும். ஆதலால் தோட்டத்துக்கு அருகிலேயே நாரைப் பிரித்தாக வேண்டும். கூலியும் அவ்வூராருக்கே சேரும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. மட்டையை வேகவைத்த காரநீர் கறுத்துப்போய் வெளிவரும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்ட கதை ஊரறிந்தது. கூழ்த்தொட்டி கட்ட நினைப்பவர்கள் அந்தக் கழிவுநீருக்குரிய தொட்டியை முதலில் கட்டட்டும்.