அளவுகோல் ஊராரின் கையில் இருக்கட்டும்

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்கே ஏ.எஸ்.ராவ் நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. அய்யகாரி சாம்பசிவ ராவ் என்னும் விஞ்ஞானியின் பெயரால் அது வழங்குகின்றது. டிராம்பேயில் அணுசக்திப் பணிக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளை நம் நாட்டினரைக் கொண்டே உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1967ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் இந்திய மின்னணுவியல் கழகம் தோன்றியபோது, அதனை நிறுவி நடத்தும் பொறுப்பும் அவருக்கே வாய்த்தது. கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதனை ஆக்கவும் திருத்தவும் வல்ல மக்களைப் பயிற்றியே பெறவேண்டும் என்பது அம்முயற்சி நமக்குத் தரும் பாடமாகும்.

இப்பாடம் ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டு வறட்சியும் மறு ஆண்டு வெள்ளமும் காணும் ஊர்களுக்கு அது இன்னும் இன்றியமையாதது. ஆயினும், ஊர் மக்களுக்கு நாம் அளிக்கும் பயிற்சி பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகின்றது? ஒரு நாள் முகாம், இரண்டு சொற்பொழிவுகள், ஒரு துண்டறிக்கை, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் என்ற அளவில் அது முடிந்துவிடுகின்றது. நீரைச் சேமிக்கவேண்டும் என்பதைக் கேட்டுச் செல்லும் உழவர், தம் கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை அறியாமலேயே வீடு திரும்புகின்றார். கருவியும் பதிவேடும் முடிவெடுக்கும் உரிமையும் ஊராரின் கைக்கு மாறாதவரையில், நாம் அளித்தது அறிவுரையேயன்றிப் பயிற்சியன்று என்பது நமது கருத்து.

உழவர் நடத்திய நீர்ப் பள்ளி

இக்கருத்துக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில், 2003ஆம் ஆண்டு தொடங்கி, உழவரே நிலத்தடி நீரை மேலாண்மை செய்யும் திட்டமொன்று நடைபெற்றது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் துணை நின்றது. இன்று தெலங்கானாவைச் சேர்ந்துள்ள மகபூப்நகர், நல்கொண்டா உள்ளிட்ட வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், 600க்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் பங்குகொண்டன.

இங்குள்ள நிலம் பெரும்பாலும் கருங்கற்பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகின்றது. ஆகவே கொள்ளளவு சிறிது. மழைக்காலத்தில் நீர்மட்டம் விரைந்து உயர்ந்து, கோடையில் விரைந்து தாழ்கின்றது. ஒரு கிணற்றில் நீர் இருக்க, அடுத்த கிணறு வறண்டு கிடப்பதும் உண்டு. தொலைவிலுள்ள ஓர் அரசுக் கிணற்றின் அளவைக் கொண்டு ஓர் ஊரின் நிலையைக் கணித்தல் இயலாது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறையே ஆதலின், இது நமக்கும் பொருந்தும்.

அவ்வுழவர்கள் மழைமானியை நாள்தோறும் பார்த்துப் பதிந்தனர். நீரைத் தொட்டதும் ஒலியெழுப்பும் அளவு நாடாவைக் கிணற்றில் இறக்கி, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்தனர். அவ்வளவுகளை ஊர்ப் பொதுச் சுவரில் எழுதி வைத்தனர். பருவமழை ஓய்ந்தபின், ரபி விதைப்புக்கு முன்னர், ஊரார் கூடி வரவு செலவுக் கணக்கிட்டனர். பெய்த மழையில் நிலத்துள் இறங்கியது எவ்வளவு, எண்ணியுள்ள பயிர்களுக்கு வேண்டுவது எவ்வளவு என்று கணக்கு நோக்கினர். எப்பயிரை இடுவது என்ற முடிவு அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டது, தடையுமில்லை, தண்டனையுமில்லை. 2004ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தில் பாசன மின்சாரம் இலவசமாயிருந்தும், நெல்லின் பரப்பைக் குறைத்து, நீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்குப் பலர் மாறினர். பல பகுதிகளில் ரபி பருவ நீரிறைப்பும் குறைந்தது.

ஓராண்டு முழுவதும் வயலையும் கிணற்றையுமே வகுப்பறையாகக் கொண்டு நடந்த இப்பயிற்சிக்கு உழவர் நீர்ப் பள்ளி என்று பெயர். 1989ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் நெற்பயிர்ப் பூச்சிகளைக் கண்டறியத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியே இதற்கு முன்னோடி.

இரண்டு ஐயங்கள்

பயிற்சியற்றவர் எடுக்கும் அளவு பிழைபடாதா என்று சிலர் வினவலாம். பிழை நேரக்கூடும். ஆனால் பலர் காணச் சுவரில் எழுதப்படும் எண்ணைத் திருத்துவோரும் பலராவர். மேலும், ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கும் மிகத் துல்லியமான அளவைவிட, பதினைந்து நாளுக்கொருமுறை ஒரே கிணற்றில் ஒரே முறையில் எடுக்கும் எளிய அளவு ஊராரின் முடிவுக்கு மிகுதியும் பயன்படும்.

திட்ட நிதி நின்றபின் பதிவேடும் நின்றுவிடாதா என்பது இரண்டாவது ஐயம். இதுவே மெய்யான இடர்ப்பாடு. நிதி முடிந்ததும் மழைமானி துருப்பிடிக்குமாயின் பட்ட பாடெல்லாம் வீணே. நம் முன்னோர் ஏரி மடையைத் திறக்கவும் நீரைப் பங்கிடவும் நீர்க்கட்டி என்பாரை அமர்த்தி, விளைச்சலில் அவருக்குப் பங்கும் அளித்தனர். ஊரே ஊதியம் தந்து காத்த பணியாதலின், அது தலைமுறைகள் கடந்து நிலைத்தது. பதிவேடு நிலைக்கவேண்டுமாயின், அதனை வைத்திருப்போர்க்கும் ஊராட்சியின் கணக்கில் சிறு மதிப்பூதியம் ஒதுக்கப்படவேண்டும்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்ற அடல் நிலத்தடி நீர்த் திட்டம், ஊராரே நீரை அளந்து வரவு செலவுத் திட்டமிடும் முறையை ஏழு மாநிலங்களில் கைக்கொண்டது. அவற்றுள் தமிழ்நாடும் தெலங்கானாவும் இடம்பெறவில்லை. திட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டுமா?

நகரும் பள்ளியும்

நகரத்தாரும் இதற்கு விலக்கல்லர். 2020ஆம் ஆண்டு அக்டோபர் நடுவில் ஹைதராபாத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. நகரின் கிழக்கே கட்கேசர் பக்கத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மிகுதியான மழை பதிவாயிற்று. கோடையிலோ லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்கள் பல. ஏ.எஸ்.ராவ் நகரை அடுத்துள்ள காப்ரா ஏரியின் நீர்மட்டத்தையும், ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் அங்குள்ள பள்ளி மாணவர் வாரந்தோறும் குறித்து வருவார்களாயின், வெள்ளம் வருமுன்னும் வறட்சி வருமுன்னும் அக்குடியிருப்பு விழித்துக்கொள்ளும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீராகும். 100 சதுரமீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், கிடைப்பது 80,000 லிட்டர். ஆறாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க இக்கணக்கு, எச்சொற்பொழிவைக் காட்டிலும் மனத்தில் பதியும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் பள்ளிக்கு ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் அமைத்து, மாதந்தோறும் அவ்வளவுகளை ஊராட்சிப் பலகையில் மாணவரைக் கொண்டே எழுதச் செய்வாராக. களப்பணியாளர்கள், முகாம்களின் எண்ணிக்கையைவிட, தாம் மாற்றலாகிச் சென்ற ஓராண்டுக்குப் பின்னும் எத்தனை ஊர்களில் பதிவேடு தொடர்கின்றது என்பதையே தம் பணிக்கு அளவாகக் கொள்வாராக. மேலதிகாரிகளும் அறிக்கைகளில் அந்த எண்ணையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.