நெஞ்சுவலி வந்தா முதல் கால் யாருக்கு?

1/ 1973ல் நியூயார்க் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். இந்தியாவுக்கு செல்போன் 1995ல் வந்தது. அப்போ நமக்கு வர்ற காலுக்கும் காசு.

2/ 2003ல் இன்கமிங் இலவசமான பிறகுதான் கூலி வேலைக்குப் போறவங்க கையிலும் போன் பரவியது. 2008ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் அதே போன் உயிர் காக்கும் கருவியாச்சு.

3/ ஆனா இப்போ? நெஞ்சுவலி வந்தா வாட்ஸ்அப் குரூப்ல கேட்கிறாங்க. யூடியூப்ல கேஸ் ட்ரபிளுக்கு கை வைத்தியம் தேடுறாங்க. கேஷுவால்ட்டிக்கு வர பல மணி நேரம் ஆயிடுது. மாரடைப்பில் ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ, அவ்வளவு இதயத் தசை பிழைக்கும்.

4/ போன் மேல தப்பில்ல மக்களே. முதல் கால் 108க்கு. குரூப்ல அப்புறம் சொல்லிக்கலாம்.